மஞ்சள் துருவும் பதின்மூன்று டேங்க் தண்ணீரும்

பஞ்சாபின் ரோப்பர் மாவட்டத்துக் கோதுமை விவசாயிகளிடம் ஒவ்வோர் ஆண்டும் ஒரே வேலையைச் சொல்லி நச்சரிப்பது என் வழக்கம். லோஹ்ரிக்கு முன்னும் பின்னும், காலைப் பனி உலர்ந்த பிறகு, வயலுக்குள் இறங்கிக் குறுக்கும் நெடுக்குமாக நடக்க வேண்டும். வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது கணக்கில் சேராது. லோஹ்ரி ஜனவரி 13-ஆம் தேதி. ஏறக்குறைய நம் போகி. சிவாலிக் மலையடிவாரத்தில், அனந்த்பூர் சாஹிப், நூர்பூர் பேடி வட்டாரங்களில், கோதுமை இலையைத் தாக்கும் பூஞ்சை நோயான மஞ்சள் துரு முதல் திட்டுகளாகத் தலைகாட்டுவது டிசம்பர் கடைசிக்கும் ஜனவரி நடுவுக்கும் இடையில்தான். அப்போது கண்ணில் பட்டால் அந்தத் திட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள சில அடிகளுக்கும் மருந்து தெளித்து நிறுத்திவிடலாம். பிப்ரவரி நடுவில் கண்ணில் பட்டால் வயல் முழுக்கத் தெளிக்க வேண்டும், பக்கத்து வயல்காரரையும் தெளிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். நெல், உளுந்து, பருத்தி தெரியும். கோதுமையை மாவாகத்தான் தெரியும். வேளாண்மைப் பட்டம் முடித்து, விதையும் பயிர் ஆலோசனையும் தரும் ஒரு நிறுவனத்தின் கள அலுவலராக இங்கே வந்து சேர்ந்தேன். இங்கே பயிர் பற்றிப் பேச வருகிற எவரையும் ‘டாக்டர் சாஹிப்’ என்றுதான் அழைப்பார்கள். அந்தப் பட்டத்தோடு வருகிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “டாக்டர் சாஹிப், எந்த மருந்து அடிக்கட்டும்?” அடிக்க வேண்டுமா என்பது இரண்டாவது கேள்வியாகக்கூட வராது. பூஞ்சைக்கொல்லிக்காக இங்கே வீணாகும் பணத்தில் பெரும்பகுதி இந்த வரிசைக் கோளாறால் வீணாவது.

ஜனவரிக் கோதுமை மஞ்சளாவதற்குக் காரணங்கள் பல. துரு அவற்றில் ஒன்று. கோடை நெல்லுக்காகச் சேறடித்து இறுகிய மண்ணில் கோதுமை நிற்கிறது. விதைத்த மூன்று நான்கு வாரத்தில் முதல் தண்ணீர் விடுகிறார்கள். களிப்பாங்கான வயலில் அது வடியாமல் நின்றால், பள்ளமான இடங்களெல்லாம் வெளிறிப்போகும். மூச்சு முட்டுகிற வேருக்கு எந்தப் பூஞ்சைக்கொல்லியும் உதவாது. தழைச்சத்துக் குறைவென்றால் அடியில் உள்ள வயதான இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகும். கந்தகக் குறைவென்றால் அதற்கு நேர்மாறாக இளம் இலைகள் முதலில் வெளிறும். எல்லாரையும் ஏமாற்றுவது மாங்கனீசுக் குறைபாடு. பல ஆண்டுகள் நெல்–கோதுமை என்றே ஓடிய மணற்பாங்கான நிலங்களில் அது வரும். நரம்பு பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடையே மஞ்சள் கோடு கோடாக ஓடும். துருவின் கோடும் அப்படித்தான் ஓடும். வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒன்றுக்குத் தேவை அரை சதவீத மாங்கனீசு சல்பேட் கரைசல், மற்றதற்குத் தேவை பூஞ்சைக்கொல்லி.

பிரித்தறியும் வழி செலவில்லாதது. இலையை வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தால் போதும். துரு என்றால் துணியில் மஞ்சள் பொடி ஒட்டும். சத்துக் குறைபாடு எதுவும் பொடி உதிர்ப்பதில்லை. இங்குள்ள பெரியவர்களுக்குக் கைக்குட்டையும் வேண்டாம். வெள்ளைப் பைஜாமாவோடு வயலுக்குள் போய் வந்து முழங்காலைப் பார்ப்பார்கள். பனி ஈரம் இலையில் இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பொடி இலையோடு பசைபோல் அப்பிக்கொள்ளும், துணி சுத்தமாக வரும், நீங்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவீர்கள். இளம் நாற்றில் துரு கோடு போடாது, சிதறிய புள்ளிகளாக இருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கோட்டை மட்டுமே தேடுகிறவர்கள் முதல் திட்டைத் தவறவிடுவது இதனால்தான்.

முதலில் எங்கே தேடுவது? இந்தப் பகுதியில் பாப்லர் மரத்தோப்புக்குள் ஊடுபயிராகக் கோதுமை போடுவார்கள். நிழலும் நீங்காத ஈரமும் இருப்பதால் அங்கேதான் நோய் சீக்கிரம் வருகிறது. மரத்தோப்பு இல்லாத இடத்தில் தெற்குப் பக்கம் மரவரிசை உள்ள வரப்போரம், ஆற்றுப் படுகை, தழைச்சத்து அளவுக்கு மீறிப் போய்க் கரும்பச்சையாக நெருங்கி நிற்கிற பயிர். யூரியாவைத் தாராளமாகக் கொட்டுகிறவர்களின் வயலை நான் முதலில் பார்க்கப் போவதுண்டு. அவர்கள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மஞ்சள் துருவின் குணம் குளிரோடு கட்டுண்டது. பத்து டிகிரியை ஒட்டிய இரவும், இலையில் சில மணி நேரம் தங்கும் பனியும் இருந்தால் பூஞ்சையின் வித்து, அதாவது அந்த மஞ்சள் பொடி, முளைத்து இலைக்குள் புகுந்துவிடும். பகல் வெப்பம் இருபத்தைந்தை நெருங்கினால் சோர்ந்துபோகும். மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழை இரண்டு மூன்று நாள் தூறி, பின் மூடுபனி சூழ்ந்தால் நான் கைப்பேசியை அணைக்காமல் படுப்பேன். இலைக்குள் புகுந்த பூஞ்சை வெளியே பொடியாகத் தெரிவதற்குச் சாதகமான குளிரிலேயே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இதன் பொருள் எளிது, ஆனால் பலருக்கு உறைப்பதில்லை. நீங்கள் பார்க்கிற மஞ்சள் திட்டு இரண்டு வாரத்துக்கு முந்தைய செய்தி. அதைச் சுற்றிப் பச்சையாக நிற்கும் இலைகளுக்குள் நோய் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் திட்டை மட்டும் நனைத்துவிட்டுப் போகாமல், சுற்றிலும் பச்சையாகத் தெரிகிற பரப்பையும் தாராளமாகச் சேர்த்துத் தெளிக்கச் சொல்கிறோம்.

மருந்தைப் பற்றிச் சொல்லும் முன், மருந்து இலைக்குள் என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இங்கே பரவலாகப் பயன்படுவது புரோப்பிகோனசோல் 25 ஈ.சி. (25 சதவீத மருந்துள்ள, நீரில் கலக்கும் திரவம்). லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஏக்கருக்கு 200 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில். அது பூஞ்சையின் செல்சுவருக்கு உள்ளே இருக்கும் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்ற பொருளைச் செய்யவிடாமல் தடுக்கிறது. பூஞ்சை வளர முடியாமல் நின்றுபோகிறது. இலையில் பட்ட மருந்து உள்ளே உறிஞ்சப்பட்டு, நீரோட்டத்தோடு நுனியை நோக்கி மேலே போகும். கீழே இறங்காது. ஓர் இலையில் பட்டது அடுத்த இலைக்குப் போய்ச் சேராது. தெளித்த பிறகு புதிதாக விரியும் இலைக்கு அதனால் பாதுகாப்பே கிடையாது.

இந்தக் கடைசி வாக்கியத்தை ஒருவர் சரியாகப் பிடித்துக்கொண்டால் மீதியை அவரே கண்டுபிடித்துவிடுவார். ஜனவரியில் தெளித்தவர் ‘நான் ஏற்கெனவே அடித்துவிட்டேன்’ என்று பிப்ரவரி முழுக்க வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. நவம்பரில் விதைத்த பயிரில் கண்ணாடி இலை, அதாவது கதிருக்கு முன் கடைசியாக விரியும் மேல் இலை, பிப்ரவரியில்தான் வெளிவருகிறது. மணிக்குள் போகும் மாவின் பெரும்பகுதியைச் சமைப்பது அந்தக் கண்ணாடி இலையும் அதற்கு அடுத்த இலையும். நெல்லிலும் அதே கதைதான். அந்த இரண்டு இலைகளும் பால் பிடிக்கிற காலம்வரை சுத்தமாக இருந்துவிட்டால், அடியிலைகள் கொஞ்சம் நோய்ப்பட்டுக் கிடந்தாலும் மகசூல் பெரிதாகச் சரியாது. கண்ணாடி இலை மஞ்சளாகிப் பொடி உதிர்த்தால், கதிர் நன்றாக வந்ததுபோலத் தெரிந்தாலும் மணி சுருங்கும். எனவே தெளிக்கும் தேதியை நாட்காட்டியில் தேடாமல் பயிரின் மேல் இலையில் தேட வேண்டும்.

மருந்து அடித்த நான்காம் நாள் வரும் தொலைபேசி அழைப்புகள் தனி வகை. “மஞ்சள் அப்படியேதான் இருக்கிறது, கடைக்காரன் போலி மருந்து கொடுத்துவிட்டான்.” போலி மருந்து உண்டுதான், ரசீது இல்லாமல் வாங்காதீர்கள் என்று நானும் சொல்கிறேன். ஆனால் செத்துப்போன இலைத் திசுவை எந்த மருந்தும் மறுபடி பச்சையாக்காது. தெளித்து பத்து நாள் கழித்துப் பார்க்க வேண்டியது வேறு: பழைய கோடுகள் காய்ந்து பழுப்பாகி, துடைத்தால் பொடி வராமல் இருக்கிறதா, புது இலைகளில் புதுக் கோடு உண்டா. பழையது காய்ந்து, புதியது சுத்தமாக இருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. புது இலையில் பொடி இருந்தால் முதல் தெளிப்புக்குப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை தெளிக்க வேண்டும். நான்காம் நாளில் பதறிப்போய் இரண்டாவது மருந்தை வாங்கி அடிப்பவர்கள் முதல் மருந்தின் வேலைக்கு இரண்டாவது மருந்தைப் புகழ்வார்கள். கடைகளில் சில மருந்துகளுக்குப் பேர் கிடைப்பது இந்த வழியில்தான்.

இனித் தண்ணீர். என் வேலையில் எனக்கு அதிகம் சண்டை வந்தது இதில்தான்.

ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால், 16 லிட்டர் கைத்தெளிப்பானில் பன்னிரண்டரை டேங்க். பதின்மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு டேங்குக்கு 16 மில்லி மருந்து. தெளிக்கிறவர்கள் பெரும்பாலும் பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். நான் பார்த்த ஊர்களில் கூலி ஏக்கர் கணக்கில். முதுகில் பதினாறு கிலோவைச் சுமந்து, இடுப்பளவு ஈரப் பயிருக்குள் பதின்மூன்று முறை நடப்பதும் ஆறு முறை நடப்பதும் ஒரே கூலிக்கென்றால் எவர்தான் பதின்மூன்று முறை நடப்பார்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆறு டேங்க் நடந்தவர் டேங்குக்கு அதே 16 மில்லி ஊற்றினால் ஏக்கருக்குப் போனது நூறு மில்லிக்கும் குறைவு: பாதி மருந்து. முதலாளி கெட்டிக்காரராக இருந்து, 200 மில்லியையும் அந்த ஆறு டேங்கிலேயே தீர்க்கச் சொன்னால் மருந்தளவு சரியாகிவிடும், ஆனால் நனைப்பு சரியாகாது. மருந்து பக்கத்து இலைக்குத் தாவாது என்பதை மேலே சொன்னேன். நனையாத இலை மருந்தே வாங்காத இலை. நெருங்கி நிற்கும் கோதுமையில் இலையின் இரு பக்கமும் தண்டும் நனைய 200 லிட்டர் என்பது தாராளம் ஒன்றும் இல்லை.

நாசில், அதாவது தெளிப்பு முனை, விஷயமும் இதோடு சேர்ந்தது. களைக்கொல்லிக்குப் பொருத்திய தட்டை விசிறி நாசிலையே கழற்றாமல் வைத்துக்கொண்டு பூஞ்சைக்கொல்லியும் அடிப்பார்கள். களைக்கொல்லிக்கு அது சரி. பயிருக்குள் சுழன்று புகுந்து மேலும் கீழும் நனைக்கக் கூம்பு வடிவில் தெளிக்கும் நாசில் வேண்டும். விலை அற்பம். இருந்தும் அதை மாற்ற வைப்பதைவிட விதை ரகத்தை மாற்ற வைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. டிராக்டரோடு இணைத்த விசைத்தெளிப்பானும் நீண்ட குழாயும் வைத்திருப்பவர்கள் துப்பாக்கி முனையால் வரப்பிலிருந்தே பீய்ச்சுவார்கள். நூறடி தூரம் போகிறது என்று பெருமை வேறு. போகிறது, ஆனால் பாதி வழியில் மண்ணில் விழுகிறது.

களைக்கொல்லி அடித்த டேங்கைச் சோப்பு நீரால் நன்றாகக் கழுவாமல் அடுத்த பயிருக்குக் கொண்டு போவது இன்னொரு வில்லங்கம். கோதுமை வயலில் அடித்த 2,4-டி என்ற களைக்கொல்லியின் மிச்சம் பக்கத்துக் கடுகிலும் உருளைக்கிழங்கிலும் என்ன செய்யும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நடக்கிறது.

ஓர் ஊரில் எல்லாரும் தாயாஜி (பெரியப்பா) என்று அழைக்கிற முதியவர் ஒருவர் கூலிக் கணக்கையே மாற்றினார். ஏக்கர் கணக்கை விட்டு டேங்க் கணக்குக்கு வந்தார். மருந்தைத் தன் கையாலேயே அளந்து, டேங்குக்கு 16 மில்லி ஊற்றி, வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு வாளியில் முதலில் கொஞ்சம் தண்ணீரோடு மருந்தைக் கலக்கி, பாதி நிரம்பிய டேங்கில் ஊற்றி, பிறகு மீதித் தண்ணீரை நிரப்புவார். கூலி சற்றுக் கூடியது. ஆனால் தெளித்தவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு டேங்குக்கும் காசு உண்டல்லவா? முகத்துக்குத் துணியும் கைக்கு உறையும் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். நான் பேசிப் பேசிச் சாதிக்காததைக் கணக்கு மாற்றம் சாதித்தது. அதன் பிறகு எந்த ஊரில் பேசினாலும் நாசிலுக்கு முன்னால் கூலியைப் பற்றித்தான் கேட்கிறேன்.

நேரம்: பனி உலர்ந்த பின், பத்தரை பதினொன்று மணிக்குத் தொடங்கி, மாலை ஈரம் இறங்குமுன் முடிப்பது நல்லது. பனியோடு அடித்தால் மருந்து துளித்துளியாக வழிந்துவிடும். மழை அறிவிப்பு இருந்தால் ஒரு நாள் பொறுக்கலாம். ஒரு வாரம் பொறுக்கக் கூடாது. காற்று வீசும் நாளில் தெளித்தால் பாதி மருந்து பக்கத்து வயலுக்குப் போகும், அதற்கு அவர் நன்றிகூடச் சொல்லமாட்டார்.

எந்த மருந்து என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். சொன்னால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். புரோப்பிகோனசோல் போதும். டெபுகோனசோலும் அதே குடும்பம்தான், அதே வழியில்தான் வேலை செய்கிறது. இவற்றோடு ஸ்ட்ரோபிலுரின் வகையைச் சேர்த்த கலவைகளும் பரிந்துரையில் உள்ளன: டெபுகோனசோல், டிரைபுளோக்சிஸ்ட்ரோபின் சேர்ந்த 75 டபிள்யூ.ஜி. குருணை ஏக்கருக்கு 120 கிராம். அசாக்சிஸ்ட்ரோபின், டெபுகோனசோல் சேர்ந்தது ஏக்கருக்கு 200 மில்லி. ஸ்ட்ரோபிலுரின்கள் பூஞ்சையின் சுவாசத்தை அடைக்கின்றன. வித்து முளைப்பதையே தடுப்பதால் நோய் வருமுன் அடித்தால் நன்றாகக் காக்கும். விலை கூடுதல். ஒரே மருந்தை ஆண்டுக்காண்டு ஒரே வயலில் அடித்தால் பூஞ்சை அதற்குப் பழகிப்போகும் ஆபத்து உண்டு. இரண்டாவது முறை தெளிக்க நேர்ந்தால் இந்தக் கலவைகளில் ஒன்றுக்கு மாறுவது நியாயம். பாதி அளவு அடிப்பதும் அந்தப் பழக்கத்துக்குப் பூஞ்சையைத் தயார்செய்கிற வேலைதான்.

கடைக்காரர் மருந்தோடு சேர்த்துத் தருகிற டானிக் பாட்டிலை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சொல்வது எனக்குச் சுலபம். இங்கே பல விவசாயிகளுக்கு மருந்து வாங்குவது ஆட்தியாவின் கணக்கில். விளைச்சலை மண்டியில் விற்றுத் தருகிற தரகர் அவர், கடன் தருபவரும் அவரே, பல ஊர்களில் உரமும் மருந்தும் தருபவரும் அவரே. ஏப்ரலில் விளைச்சல் பணம் வரும்போது பிடித்துக்கொள்வார். அந்தக் கணக்கில் டானிக் ஏறியிருப்பதை விவசாயி ஏப்ரலில்தான் பார்க்கிறார். நான் செய்தது ஒன்றே: வாங்க வேண்டிய மருந்தின் பெயர், சதவீதம், அளவு ஆகியவற்றை ஒரு சீட்டில் பஞ்சாபியின் குர்முகி எழுத்தில் எழுதவைத்துக் கையில் கொடுப்பது. சீட்டில் இல்லாததை வாங்காதே என்று தாயாஜி தன் மகனிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மகன் எப்போதும் கேட்டான் என்று சொல்ல முடியாது.

மருந்தே தேவைப்படாமல் செய்வது ரகம். 1995-இல் வந்த பி.பி.டபிள்யூ. 343 வட இந்தியா முழுக்கப் பரவியது. அதன் மஞ்சள் துரு எதிர்ப்பு ஒய்.ஆர். 27 என்ற மரபணுவைச் சார்ந்திருந்தது. அதை வெல்லும் புதிய பூஞ்சை இனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைகாட்டியது. 2008–09 பருவத்திலும் 2010–11 பருவத்திலும் பஞ்சாப், ஹிமாச்சல், ஜம்மு, ஹரியானா பகுதிகளில் மஞ்சள் துரு வெகுவாகப் பரவியது. ஒரே ரகத்தை இலட்சக்கணக்கான ஏக்கரில் போட்டால் பூஞ்சைக்கு ஒரு பூட்டைத் திறந்தால் எல்லா வீடும் திறந்ததுபோல. அதற்கடுத்து 2011-இல் வெளிவந்த எச்.டி. 2967 அந்த இடத்தைப் பிடித்தது. மக்கள் அதையும் அதே ஆவேசத்தோடு எல்லா இடத்திலும் போட்டார்கள், அதுவும் பின்னாளில் துருவுக்கு இடம் கொடுத்தது. இப்போது டி.பி.டபிள்யூ. 187, டி.பி.டபிள்யூ. 222, பி.பி.டபிள்யூ. 826 என்று பல ரகங்கள் இருக்கின்றன. எது சிறந்தது என்று சண்டை போடுவதைவிட, பத்து ஏக்கர் வைத்திருப்பவர் இரண்டு மூன்று ரகமாகப் பிரித்துப் போடுவதே நான் தரும் ஆலோசனை. மலையடிவாரத்துக்காரர்கள் துருவுக்கு எளிதில் இலக்காகும் ரகத்தை, எவ்வளவு விளைந்தாலும், தொடவே கூடாது. அங்கே பிடிக்கும் தீ கீழே சமவெளிக்கு இறங்கும்.

“டாக்டர் சாஹிப், இந்த நோய் உங்கள் மதராஸ் பக்கத்திலிருந்துதான் வருகிறதாமே?” என்று ஒருவர் கேலியாகக் கேட்டார். எங்கேயோ படித்திருக்கிறார். பாதி சரி. ஆக்ராவில் பணியாற்றிய கரம் சந்த் மேத்தா பல ஆண்டு ஆய்வில் கண்டது இது: சமவெளிக் கோடையில் துருப் பூஞ்சைகள் உயிர்தப்புவதில்லை, மலைகளில் பருவம் தவறி நிற்கும் கோதுமையிலும் தானாக முளைத்த பயிரிலும் பிழைத்து, அங்கிருந்து ஆண்டுதோறும் காற்றில் இறங்குகின்றன. கோதுமையின் மூன்று துருக்களில் ஒன்றான கருந்துருவுக்கு நீலகிரியும் பழனிமலையும் தாயகம். 1970-களில் எஸ். நாகராஜனும் ஹர்ஜித் சிங்கும் வங்கக் கடல் புயல்கள் நவம்பரில் அந்த வித்துகளை நடு இந்தியாவுக்கு எப்படிச் சுமந்து போகின்றன என்று வகுத்துக் காட்டினார்கள். பழுப்புத் துரு வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும். ஆனால் இவர்களை வாட்டும் மஞ்சள் துரு இமயத்திலிருந்து இறங்குவது. நீலகிரியில் மஞ்சள் துரு உண்டு. நடுவில் கிடக்கிற தென்னிந்தியச் சமவெளியின் வெப்பத்தை அது தாண்டுவதில்லை. ஆகவே எங்கள் ஊர்மேல் பழி வேண்டாம், உங்கள் மலையைத் திட்டுங்கள் என்றேன். சிரித்தார், ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை.

உதகைக்கு அருகே வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் 1954 முதல் இருப்பதும் இந்தக் காரணத்தால்தான். ஆண்டு முழுக்கக் கோதுமை வளரும், மூன்று துருவும் இயற்கையாகவே வரும். ஒரு ரகம் தாங்குமா தாங்காதா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. வடக்கே வயலில் மே மாதம் கோதுமையே இல்லாதபோது, புது ரகம் உருவாக்குகிறவர்கள் தங்கள் சோதனை விதைகளை அங்கே அனுப்பி ஒரு தலைமுறையை மிச்சம் பிடிக்கிறார்கள். பஞ்சாபி விவசாயிக்கு நீலகிரியைப் பற்றித் தெரிந்த அளவுகூட நம்மில் பலருக்கு, நம் மலையில் கோதுமை வேலை நடப்பது தெரியாது.

தெளிப்பால் தீராத பூஞ்சைகளும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். கதிர் முழுக்கக் கரும்பொடியாக மாறும் கரிப்பூட்டை விதைக்குள்ளேயே ஒளிந்து வருவது. கதிர் வந்த பிறகு தெளிப்பதில் பயன் இல்லை. விதைநேர்த்தி ஒன்றே வழி: டெபுகோனசோல் 6 எப்.எஸ். 40 கிலோ விதைக்கு, அதாவது ஓர் ஏக்கர் விதைக்கு, 13 மில்லி. கர்னால் பூட்டை என்பது அழுகிய மீன் வாடை வீசும் இன்னொன்று. விதைக்காகப் பயிரிடுகிறவர்கள் கதிர் இலை உறைக்குள் இருக்கும் தொண்டைக் கதிர்ப் பருவத்தில் புரோப்பிகோனசோல் தெளித்தால் அது குறையும், அதே தெளிப்பு கண்ணாடி இலையையும் காக்கும். ஒரே ஒரு முறைதான் தெளிக்க முடியும் என்று பணமுடையில் இருப்பவர் கேட்டால், ஜனவரியில் திட்டு இல்லாத பட்சத்தில், நான் இந்தப் பருவத்தைத்தான் சொல்வேன்.

மார்ச் மாதத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். வெயில் ஏறியதும் மஞ்சள் கோடுகளின் இடத்தில், இலையின் அடிப்பக்கம், கறுப்புக் கோடுகள் வரும். பூஞ்சை கடையைக் கட்டுகிறது என்பதற்கு அடையாளம் அது. அதைப் பார்த்துப் புது நோய் என்று பயந்து மருந்து வாங்க ஓடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அறுவடை பைசாகித் திருவிழாவை ஒட்டி, ஏப்ரல் நடுவில். புரோப்பிகோனசோல் தெளித்து அறுவடைக்கு முப்பது நாள் இடைவெளி வேண்டும் என்பது விதி. மார்ச் நடுவுக்குப் பிறகு தெளிப்பது பணத்துக்கும் கேடு, தானியத்துக்கும் கேடு. கோதுமை வைக்கோலைத் தூளாக்கி எருமைக்குப் போடுகிறவர்கள் இவர்கள். பால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் குடிக்கிறது.

தெளித்தால் இலாபமா என்ற கணக்கு கடினமில்லை. 2025–26 கொள்முதல் பருவத்தில் அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,425 ரூபாய். ஏக்கரில் ஒரு குவிண்டால் காப்பாற்றப்பட்டாலே மருந்து, கூலி இரண்டும் திரும்பிவிடும். ஆகவே நோய் வந்த வயலில் தயங்க வேண்டியதில்லை. கேள்வி நோய் வராத வயலைப் பற்றியது. எதிர்ப்புள்ள ரகத்தைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் அடித்தார் என்பதற்காக ‘பாதுகாப்புக்கு’ ஒரு முறை அடிக்கும் வழக்கம் இங்கே வேகமாகப் பரவுகிறது. அதைப் பேச்சால் நிறுத்த முடியவில்லை. எனவே தாயாஜியிடம் வேறொன்று கேட்டேன்: எதிர்ப்பு ரகம் நிற்கும் வயலில் ஒரு தெளிப்பு அகலத்துக்கு மருந்தில்லாமல் ஒரு பட்டையை விடுங்கள், வாரம் ஒரு முறை கைக்குட்டையோடு போய்ப் பாருங்கள், பொடி கண்டால் அன்றே தெளித்துவிடுவோம். முதலில் மறுத்தார். சோம்பேறி மகனை வளர்த்துவிட்டான் என்று ஊர் பேசும் என்றார். பிறகு சாலையிலிருந்து தெரியாத வயலாகப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

அந்தப் பட்டையில் பொடி வரவில்லை. அறுவடையின்போது பட்டை எது, மீதி எது என்று அவருக்கே அடையாளம் தெரியாமல், நட்டிருந்த குச்சியைத் தேட வேண்டியிருந்தது. அடுத்த பருவத்தில் எதிர்ப்பு ரகத்துக்கு மருந்து வாங்கவில்லை. ஆனால் பட்டைக்குப் பதிலாக, அதே வயலில் பாப்லர் நிழல் விழும் மூலையை மட்டும் தானே வாரந்தோறும் பார்ப்பதாகச் சொன்னார். மகனை அனுப்புவதில்லையாம், அவன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறானாம்.